விரும்பி ஏற்ற மூப்பு: ஔவை கதையும் திரைப்படமும்

செங்கோட்டைக்கு வடக்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், வயலும் தோப்பும் சூழ அமைந்த ஊர் பண்பொழி. பைம்பொழில் என்னும் பெயரே இவ்வாறு மருவிற்று என்பர். ஊரை அடுத்து நிற்கும் திருமலையின் உச்சியில் குமாரசுவாமி எழுந்தருளியுள்ளார். கவிராச பண்டாரத்தையர் இவ்விறைவன்மீது பிள்ளைத்தமிழ் பாடியுள்ளார். பிள்ளைத்தமிழ் என்பது வயதை ஓரிடத்தில் நிறுத்திவிடும் இலக்கியம். காப்புப் பருவத்தில் தொடங்கும் குழந்தை, சிறுதேர் உருட்டும் பருவத்திற்கு அப்பால் வளர்வதில்லை. திருமலை முருகன் இங்ஙனம் என்றும் இளையனாகவே நிற்கின்றான்.

ஆயினும் என்றும் இளையனாகிய இவனே நொடிப்பொழுதில் கிழவனான கதையும் நம்மிடம் உண்டு. கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தில், தினைப்புனம் காக்கும் வள்ளியை நாடி வேடனாக வந்த முருகன், அவள் தமர் வரக்கண்டு வேறு வடிவங்கள் கொள்கின்றான். தளர்ந்த முதியவன் வடிவம் அவற்றுள் ஒன்று. பசிக்கின்றது என்கின்றான், தேனும் தினைமாவும் உண்டு விக்கி நீர் வேட்கின்றான். பின்னர் மூத்த பிள்ளையார் யானையாய் வந்து துணைசெய்ய, அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவ, கதை இனிது முடிகின்றது. மூப்பு வந்த விரைவிலேயே அகன்றும் விடுகின்றது.

விரைந்து வரும் மூப்பு என்னும் இக்கருத்தே இக்கட்டுரையின் பொருள். இஃது அண்மைக் காலத்தில் அறிவியற் புனைவுத் திரைப்படங்களுக்கு உரிய பொருளாகக் கருதப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓல்டு' என்னும் ஆங்கிலப் படம் இவ்வகையில் பலரும் அறிந்தது. முதுமை என்பதே அப்பெயரின் பொருள். அதனை இயக்கிய எம். நைட் சியாமளன் 1970இல் மாகியில் பிறந்து அமெரிக்க நாட்டில் வளர்ந்தவர். தந்தைவழி மலையாளியும் தாய்வழித் தமிழரும் ஆவர். திரைப்படத்திற்கும் தமிழாராய்ச்சிக்கும் யாது தொடர்பு என்று வினவுவார் உளராகலாம். அப்படத்தை ஓர் உரைகல்லாகக் கொண்டு நோக்கும்போது, நம் மரபில் மூப்பு விரைந்து வந்த கதைகளின் உண்மை இயல்பும், சங்க காலப் புலவர் ஒருவரைப் பற்றி நாம் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் பிழையான தோற்றமும் தெளிவாகின்றன என்பதே எம் விடை.

படத்தின் கதையை முதற்கண் சுருங்கக் கூறுவாம். வெப்ப நாட்டு விடுதி ஒன்றில் தங்கியோர் சிலர், பாறைகள் சூழ்ந்த தனித்த கடற்கரைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே அரைமணி நேரம் கழியுமாயின் உடலுக்கு ஓர் ஆண்டு கழிந்ததாகும். ஒரு பகலும் ஓர் இரவும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றன. ஆறு வயதுச் சிறுவன் உச்சிப்பொழுது கடந்ததும் இளைஞனாகின்றான். காயங்கள் கண்ணெதிரே ஆறுகின்றன. வயிற்றிலிருந்த சிறு கட்டி சற்று நேரத்தில் பெரிதாகின்றது. மருந்து செய்யும் நிறுவனம் ஒன்று நோயாளிகளை அவர்கள் அறியாமலே அங்கு அனுப்பித் தன் மருந்துகளின் நெடுங்காலப் பயனை ஒரே நாளில் அளந்தறிகின்றது என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. இக்கதைக்கு மூலம் பியேர் ஆசுகார் லேவி எழுத, பிரெடெரிக் பீட்டர்சு வரைந்து, 2010இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த படக்கதை நூல். அந்நூலில் மூப்புக்குக் காரணம் கூறப்படவில்லை; நிறுவனமும் ஆய்வும் திரைப்படம் சேர்த்தவை. நூலின் பெயர் மணற்கோட்டை எனப் பொருள்படும்.

அப்பெயரைக் கண்டவுடன் புறநானூற்றின் 243ஆம் பாட்டு எம் நினைவுக்கு வந்தது. பாடியவரின் பெயர் மறைந்து, அப்பாட்டில் உள்ள தொடரே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயராயிற்று. மணலால் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி விளையாடும் மகளிரோடு கைகோத்துத் திரிந்ததும், நீர்த்துறையில் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்க நீருள் குதித்து அடிமணலை அள்ளிவந்ததும் ஆகிய இளமையை முதியவர் ஒருவர் நினைக்கின்றார். அடுத்த கணமே கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் மூப்பு வந்துவிடுகின்றது. இல்லறமும் மக்கட்பேறும் பொருளீட்டலுமாகிய இடைக்காலம் பாட்டில் இல்லை. நீருள் குதித்த இளைஞன் கோலூன்றிய கிழவனாகவே எழுந்து வந்தாற்போன்று தோன்றுகின்றது. பிரெஞ்சு நூலாசிரியர் புறநானூற்றைக் கண்டிருப்பார் என்று யாம் கூறவில்லை. மணலும் நீரும் குழந்தை விளையாட்டும் ஓடும் காலத்தை எங்கும் ஒரே வகையில் நினைப்பூட்டுகின்றன என்ற அளவிலேயே இவ்வொப்புமையைக் கொள்ளுதல் தகும்.

ஆனால் 243ஆம் பாட்டின் மூப்பு இயற்கையாக வந்தது. நினைவில்தான் அது விரைந்தது. உடலிலேயே மூப்பு விரைந்து வந்த கதை தமிழ்நாட்டில் யாவரும் அறிந்தது ஒன்று உண்டு; அது ஔவையார் கதை. மணம் பேசிய பெற்றோர்க்கு மறுமொழி சொல்ல இயலாத இளம்பெண், பிள்ளையாரை வேண்டித் தன் இளமையையும் அழகையும் நீக்கிக்கொண்டு அப்பொழுதே மூதாட்டியாகின்றாள், மணம் நின்றுவிடுகின்றது, கோலூன்றி நாடெங்கும் நடந்து பாடுகின்றாள். செவிவழியாக வழங்கிய இக்கதையை 1953ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் வெளிவந்த செமினி நிறுவனத்தாரின் 'ஔவையார்' படம் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. எசு. எசு. வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம் அது. குழந்தை ஔவையாகச் சச்சுவும், கன்னி ஔவையாகக் குசலகுமாரியும், மூதாட்டியாகக் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர். ஓர் உயிரின் மாற்றத்தைக் காட்ட மூன்று உடல்கள் தேவைப்பட்டன. எழுபதாண்டுகளுக்குப் பின் எடுத்த 'ஓல்டு' படத்திலும் சிறுவன் ஒருவனின் வளர்ச்சியை நடிகர் நால்வர் பகிர்ந்துகொண்டுள்ளனர். ஒப்பனைக் கலை இத்துணை வளர்ந்த பின்னும் குழந்தை பெரியவனாவதை ஓர் உடலில் காட்டல் அரிதே போலும்.

அறிவியற் புனைவில் மூப்பு பிறரால் சுமத்தப்படுவது, அஞ்சத்தக்கது. ஔவை கதையிலோ அது வேண்டிப் பெறுவது. நரை ஈண்டு விடுதலை தருகின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? மேலும், இக்கதை எக்காலத்தது? அதனைக் காண்பதற்குச் சங்கப் பாடல்களுக்குச் செல்லல் வேண்டும்.

ஔவையார் பெயரால் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என்பது கணக்கு. இவற்றுள் ஒன்றிலேனும் பாடியவர் தம் நரையையோ தளர்ச்சியையோ கோலூன்றலையோ கூறினாரில்லை. தம் மூப்பைக் கூறும் வழக்கம் சங்கப் புலவரிடம் இல்லாமலும் இல்லை. மேற்காட்டிய விழுத்தண்டினார் இருக்கின்றார். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் பிசிராந்தையார் இருக்கின்றார்; மாண்புடைய மனைவியும், நிரம்பிய மக்களும், ஏவாமலே குறிப்பறியும் ஏவலரும், அல்லவை செய்யாத அரசனும், அடங்கிய சான்றோர் வாழும் ஊரும் வாய்த்தமையே காரணம் என்பது அவர் விடை (புறம். 191). கவலையே நரைக்கு வித்து என்னும் அவ்விடையை மருத்துவ நூலார் பொருட்படுத்த வேண்டும் என்பது எம் கருத்து. அது வேறு ஆராய்ச்சிக்கு உரியது.

ஔவையாரோ தம்மை விறலியாகக் காட்டுகின்றார். புறநானூற்று 89ஆம் பாட்டில் பகைவேந்தன் ஒருவன் அவரை நோக்கி, நும் நாட்டில் பொருநரும் உளரோ என்று வினவுகின்றான். அவ்வேந்தன் அழைக்கும் விளியில் அணிகலனும், மையுண்ட கண்ணும், ஒளிபொருந்திய நெற்றியும், மடப்பமும் கூறப்படுகின்றன. மூதாட்டியை விளிக்கும் விளி இஃதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டில், நறுமணம் கமழும் தன் கையால் அவன் தம் தலையைத் தடவியதை நினைந்து அவர் கலங்குகின்றார். மூத்தவர் இளையார்மாட்டுக் காட்டும் அன்பின் செய்கையாகவே இது தோன்றுகின்றது. குறுந்தொகைப் பாடல்களில் காணும் காமவேட்கையின் வேகத்தையும் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டக்கூடும். அவை தலைவி கூற்றும் தோழி கூற்றும் ஆதலின், புலவரின் வயதை அவற்றிலிருந்து உய்த்துணர்தல் முறையன்று. 89ஆம் பாட்டின் விறலியும் பாட்டிற்குரிய புனைவே ஆகலாம் எனத் தடை எழுப்பலாம். எழுப்பினும், மூதாட்டி என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை என்பது தடையின்றி நிற்கும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சங்க ஔவையாரைப் பற்றிய பெருஞ்செய்தி நெல்லிக்கனி பற்றியது. அதன் சிறப்பைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, சாதல் நீங்குமாறு அதியமான் அதனைத் தமக்கு அளித்தான் என்று 91ஆம் பாட்டில் அவரே வாழ்த்துகின்றார்; சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையைப் போற்றுகின்றது. ஆகவே பழைய ஔவை, காலத்தை நீட்டிக்கும் கனியைப் பெற்றவர். பிற்கால ஔவையோ காலத்தைச் சுருக்கிக்கொண்டவர். இருவேறு கதைகளும் ஒரு பெயரைச் சார்ந்து, ஒன்றற்கொன்று மாறாகவே வளர்ந்துள்ளன.

அப்பெயரே இதற்கு ஒரு காரணம் என்று யாம் கருதுகின்றோம். ஔவை, அவ்வை என்னும் சொற்களுக்குத் தாய், மூதாட்டி, தவப்பெண் என அகராதிகள் பொருள் தருகின்றன. தெலுங்கில் அவ்வ என்பது பாட்டியைக் குறிக்கும்; கன்னடத்தில் அது தாயைக் குறிக்கும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய சோழர் காலத்து ஔவையாரும், விநாயகர் அகவல் பாடியவரும் பழைய ஔவையாரோடு மக்கள் நினைவில் ஒருவராயினர். பெயர் மூதாட்டி எனப் பொருள்படுகின்றது. ஏடோ இளமை காட்டுகின்றது. இடையே ஒரு பாலம் வேண்டும். இளமையிலேயே மூதாட்டியானாள் என்ற கதை அப்பாலமாயிற்று.

ஆயினும் பெயர் மட்டும் காரணமாயின் அம்மூப்பு மணத்தைத் தவிர்ப்பதற்காக வந்தது என்று கதை ஏன் சொல்லல் வேண்டும்? ஈண்டே சமுதாய வரலாறு நுழைகின்றது. பாணரும் விறலியரும் ஊர்தோறும் சென்று பாடி வாழ்ந்த காலத்தில், இளம்பெண் ஒருத்தி அரசவை புகுவதும், தூது செல்வதும், வழிநடப்பதும் வியப்புக்குரியன அல்ல. தொழிலே அவளுக்கு வழித்துணை. பாண்மரபு அழிந்தபின் வந்த காலத்தார்க்கு அக்காட்சி விளங்கவில்லை. அவர்கள் அறிந்த உலகில் தெருவில் தனித்து நடக்கக்கூடிய பெண் ஒருத்தியே, அவள் கிழவி.

இதனை உலா இலக்கியம் ஐயமின்றிக் காட்டும். தலைவன் பவனி வருங்கால் கண்டு காதல் கொள்ளும் மகளிரைப் பேதை முதலாக ஏழு பருவத்தினராகப் பாட்டியல்கள் வகுத்துள்ளன. பெருவழக்கான கணக்கின்படி ஏழாவதாகிய பேரிளம்பெண் நாற்பது வயதோடு முடிந்துவிடுகின்றாள். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு உலாவில் பெயரே இல்லை. புலவர் கண்ணும் தெருவின் கண்ணும் அவள்மேல் படுவதில்லை. அப்பெயரில்லாத எட்டாம் பருவத்திற்குள் ஏழையும் தாண்டி ஒரே அடியில் சென்று சேர்ந்தவளே கதையில் வரும் ஔவை.

பண்பொழிக்கு அண்மையிலுள்ள குற்றாலத்தைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இதற்கு மறுதலையான சான்று தருகின்றது. வசந்தவல்லி தெருவில் பந்தாடுகின்றாள். திரிகூடநாதர் பவனியைக் கண்டு மயங்குகின்றாள். பிறகு அவள் காதல் தூதின் வழியேதான் செல்லவேண்டியுள்ளது. குறத்தியோ இளமையும் எழிலும் உடையவளாகவே மலையும் நாடும் ஊரும் தன்போக்கில் நடக்கின்றாள். கணவன் சிங்கன் அவளைத் தேடித் திரிகின்றான். குறி சொல்லும் தொழில் அவளுக்கு அவ்வுரிமையைத் தந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் தொழில்வழி நடக்கும் இளம்பெண்ணைப் புலவர் அறிந்தே இருந்தனர். ஆனால் அவளைக் குறக்குலத்திற்கு உரியவளாக ஒதுக்கிவிட்டனர். ஆத்திசூடி பாடிய பெருமாட்டியை அவ்வாறு ஒதுக்க இயலாமையால் அவருக்கு நரை சூட்டினர்.

இனி ஆடவர் நிலையை ஒப்பிட்டுக் காண்போம். வள்ளியை நாடிய முருகனுக்கு மூப்பு ஒரு மாறுவேடம்; காரியம் முடிந்ததும் களைந்துவிடுகின்றான். பாரதத்தில் சுக்கிரனின் சாபத்தால் கிழவனான யயாதி, தன் மூப்பை மகன் புருவிடம் கொடுத்து அவன் இளமையைக் கடனாகப் பெற்று நெடுங்காலம் துய்த்தபின் திருப்பித் தருகின்றான். ஆங்கு மூப்பு பண்டமாற்றுப் பொருளாகிவிட்டது. நம் காலத்திலும் இதுவே நிலை. டி. கே. எசு. சகோதரர்களின் ஔவையார் நாடகத்தில் டி. கே. சண்முகம் மூதாட்டியாக நடித்துப் புகழ்பெற்று ஔவை சண்முகம் என்றே வழங்கப்பெற்றார். அப்பெயரை நினைவூட்டி 1996இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' படத்தில், மகளைப் பிரிந்த தந்தை மூதாட்டி வேடம் பூண்டு அவள் வாழும் வீட்டிற்குள் நுழைகின்றான். குடும்பம் கூடியபின் வேடம் களைந்துவிடுகின்றான். கிழவிக்கு எவ்வீட்டுக் கதவும் திறக்கும் என்பதை அக்கதையும் அறிந்திருக்கின்றது. ஆடவர் மூப்பை வாங்கித் திருப்பித் தருவர். ஔவை திருப்பித் தரவில்லை.

செங்கோட்டை இவ்வாராய்ச்சியில் எதிர்பாரா வகையில் நுழைகின்றது. 1956 நவம்பர் முதல்நாள் வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த அவ்வூரில் 1906இல் பிறந்தவர் நாடக உலகின் பெரும்பாடகர் எசு. சி. கிட்டப்பா. கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாளும் அவரும் மேடையில் இணைந்து நடித்து, வாழ்விலும் இணைந்தனர். வள்ளி திருமணம் அவர்கள் நடித்த நாடகங்களுள் ஒன்று. கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றுவர். கிழவனாக வந்து மீண்டும் இளையனாகும் கதை அது. 1933 திசம்பரில் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அணிகலன்களைக் களைந்து வெள்ளாடை புனைந்தார். ஆடவர்க்கு இணையாகக் காதற்பாத்திரம் ஏற்பதில்லை என்று உறுதிகொண்டார்.

அதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பார்த்தல் வேண்டும். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராகத் தோன்றினார். 1940இல் துறவியாகிய மணிமேகலை. 1953இல் ஔவையார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை' ஆகியவற்றில் மீண்டும் ஔவையார். 1973இல் காரைக்காலம்மையார். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகிய ஏழு பருவங்களுள் எதிலும் அடங்காத பாத்திரங்களே இவையனைத்தும். ஔவையாராக நடித்தபொழுது அவருக்கு நாற்பத்தைந்து வயது நிரம்பவில்லை. ஆயினும் பார்த்தவர் எவர்க்கும் அவர் வேடமிட்ட மூதாட்டியாகத் தோன்றவில்லை. இருபத்தைந்து வயதில் சமுதாயம் விதித்த மூப்பை அவர் முன்னரே ஏற்றிருந்தார். கைம்மை நோன்பு என்பது இளம்பெண்ணை ஒரே நாளில் முதியவளாக்கும் வழக்கமன்றி வேறென்ன? அறிவியற் புனைவு பாறையின் கனிமத்தைக் காரணமாகக் காட்டும். நம் நாட்டில் அதனை வெள்ளைப் புடைவையே செய்தது. சுந்தராம்பாள் அம்மூப்பினின்றே தம் குரலுக்கு ஒரு பெருவெளியை உண்டாக்கிக்கொண்டார் என்பது அவர் ஆற்றல்.

காரைக்காலம்மையார் பற்றி ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சேக்கிழார் பாடிய வரலாற்றில் புனிதவதியார் மூதாட்டியாகவில்லை, பேயுருவம் பெறுகின்றார். மாங்கனி நிகழ்ச்சிக்குப்பின் அஞ்சிப் பிரிந்த கணவன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு, தேடிவந்த மனைவியின் அடியில் குடும்பத்தோடு வீழ்கின்றான். கணவன்பொருட்டே தாங்கிவந்த அழகுக்கு இனிப் பயனில்லை என்று அம்மையார் அதனை நீக்க வேண்டுகின்றார். தசை உதிர்ந்து என்புருவாகின்றார். தம் பாடல்களில் அவர் தம்மைக் காரைக்காற்பேய் என்றே குறிக்கின்றார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் அமர்ந்தவராகவும், நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள செப்புத் திருமேனியில் கைத்தாளம் ஏந்தியவராகவும் காணும் வடிவங்கள் மெலிந்த பேயுருவங்களே. அவற்றுள் தளர்ச்சி இல்லை; ஒரு முறுக்கு உள்ளது. அவருடைய திருவாலங்காட்டுப் பதிகங்களுக்கு வழங்கும் 'மூத்த' என்னும் அடையும் அவருடைய வயதைக் குறித்ததன்று. தேவாரத்திற்கு முற்பட்டமை பற்றி வந்தது.

ஆனால் 1973ஆம் ஆண்டுப் படத்தில் புனிதவதியாக இலட்சுமியும், மாற்றத்திற்குப் பின்னர் அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். இருபது ஆண்டுகளாக ஔவையாராகவே மக்கள் கண்ட முகம் அது. ஆகவே பேய் மறைந்து பாட்டி வந்துவிட்டாள். சுடுகாட்டில் தலையால் நடந்து சென்ற அச்சம் தரும் உருவம், கனிவுடைய மூதாட்டியின் உருவமாயிற்று. இரு வேறு கதைகளைத் திரைப்படம் ஒருவர் உடலில் ஒன்றாக்கியது. ஏட்டாராய்ச்சியில் இடைச்செருகல் என்று ஒன்றைக் கூறுவோமன்றோ? படச்சுருளிலும் அது நிகழும். இன்று மாணவர் பலர் அம்மையாரை முதியவராகவே எண்ணுவதற்கு இதுவே காரணம் ஆகலாம். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சிலைகளுள் ஔவையாரும் மூதாட்டியாகவே நிற்கின்றார். 89ஆம் பாட்டின் விறலிக்கு எங்கும் சிலை இல்லை.

'ஓல்டு' படத்தில் அம்மையார் கதையோடு எதிர்நிற்கும் பாத்திரம் ஒன்று வருகின்றது. மருத்துவரின் இளமனைவி தன் அழகு குலைவதைக் காணப் பொறாது குகையிருளில் ஒளிகின்றாள். எலும்புகள் முறிந்து, முறிந்தவாறே கூடி, உரு முறுக்குண்டு இறக்கின்றாள். ஆங்கு முறுக்குண்ட என்பு அச்சம்; ஆலங்காட்டில் அதுவே ஆனந்தம். அதே படத்தில் பிரியக் கருதியிருந்த கணவனும் மனைவியும், இரவு வருமுன் கண்ணும் செவியும் மங்கிய முதியோராகித் தாம் பிரிய நினைத்த காரணத்தையும் மறந்து அருகருகே இறக்கின்றனர். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் வரலாற்றைப் பயின்றோர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். அவரும் மனைவியாரும் இளமையில் எழுந்த ஊடலால், ஆணையிட்டு ஒருவரையொருவர் தீண்டாமலே ஒரு வீட்டில் வாழ்ந்து முதுமையுற்றனர்; மூங்கிற் கோலின் இருமுனைகளைப் பற்றிக் குளத்தில் மூழ்கி இளையோராய் எழுந்தனர். சினம் தீர்வதற்கு ஒருவர்க்கு மூப்பும் ஒருவர்க்கு இளமையும் மருந்தாயின. இருவேறு நாட்டார் இருவேறு திசையில் நடந்து ஒரே வீட்டின் முன் வந்து நின்றனர் எனலாம்.

உண்மையிலேயே குழந்தைகள் விரைந்து மூப்படையும் நோய் ஒன்றுண்டு. புரோசீரியா எனப்படும் அந்நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் 2003இல் கண்டறியப்பெற்றது. இந்நோயுற்ற சிறுவனைப் பற்றி 2009இல் ஆர். பால்கி 'பா' என்னும் இந்திப்படம் எடுத்தார்; இளையராசா இசையமைத்தார். அச்சிறுவர் வேண்டிப் பெற்றது அன்று அம்மூப்பு. ஆதலின் அதனை நம் கதைகளோடு சேர்த்தெண்ணுதல் பொருந்தாது.

மீண்டும் பண்பொழிக்கு வருவோம். திருமலைக் கோயிலின் திருப்பணியோடு சிவகாமிப் பரதேசியம்மையார் என்னும் பெண்மணியின் பெயர் இணைந்துள்ளது. மகப்பேறு வாய்க்காத அவர் முருகனையே மகனாகக் கொண்டு, துறவு பூண்டு, மலைமேல் மண்டபம் எழுப்ப உழைத்தார் என்பது கோயில் வழக்கு. பரதேசி என்னும் சொல்லை நோக்குக. வீட்டைவிட்டு நடக்கத் தொடங்கிய பெண்ணுக்கு மூதாட்டி, பேய், பரதேசி என ஏதேனும் ஒரு பெயர் வேண்டியிருந்தது.

தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் மகளிர் நோற்கும் ஔவையார் நோன்பும் இத்தொடர்பில் ஆராயத்தக்கது. ஆடி, தை, மாசி மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் ஓரிடத்தில் கூடுவர். உப்பிடாமல் அரிசிமாவில் கொழுக்கட்டை அவிப்பர். ஆடவர் அதனைப் பார்த்தலும் உண்ணலும் ஆகா. ஆண்குழந்தைக்கும் அவ்விடத்தில் இடமில்லை. மணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டியும், மணமானோர் மகப்பேறு வேண்டியும் நோற்பர். மணத்தை வேண்டாமென்று மூப்பை ஏற்றவளிடமே மணத்தை வேண்டுகின்றனர் என்பது முரணாகத் தோன்றும். யாம் அவ்வாறு எண்ணவில்லை. ஆடவரின் கண்ணும் செவியும் அணுகாத ஓர் இரவை அம்மகளிர் ஔவையின் பெயரால் பெறுகின்றனர். ஏழு பருவத்தினரும் ஒருங்கிருந்து எட்டாம் பருவத்தாளின் கதையைக் கேட்கின்றனர். அக்கதையைக் கூறுபவர் அவ்வூரின் முதியவள். ஊர்தோறும் அது வேறுபடும். ஏட்டிலும் படச்சுருளிலும் உள்ள ஔவையோடு அவ்வாய்மொழி ஔவையை ஒப்பிட்டாலன்றி இவ்வாராய்ச்சி முற்றுப்பெறாது. அந்நோன்பின் கதையை ஆடவர் கேட்டல் கூடாது என்பது முறையாதலின், அப்பணி நம் துறையில் பயிலும் மகளிர்க்கே உரியது.